சிப்பாய்கள் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்? ‘ஃபியர்’ கேம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2005 அக்டோபரில் கணினிக்கு வந்த ‘ஃபியர்’ கேமைப் பற்றிப் பேச்செடுத்தால், ஆடியவர்கள் இரண்டு விஷயங்களைத்தான் முதலில் சொல்வார்கள். ஏணியில் இறங்கத் திரும்பும்போது எதிரே நிற்கும் சிவப்புக் கவுன் சிறுமி ஒன்று. தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, வளைத்துப் பின்பக்கமாக வந்து அடிக்கும் சிப்பாய்கள் இன்னொன்று. முதலாவது பேய், இரண்டாவது செயற்கை அறிவு. இரண்டையும் தனித்தனிச் சாதனையாகப் பார்ப்பதுதான் வழக்கம். எனக்கென்னவோ இரண்டிலும் நடப்பது ஒரே வேலை என்றுதான் படுகிறது. பாதியைக் காட்டிவிட்டு, மீதியை ஆடுபவரே கற்பனை செய்துகொள்ளும்படி விடுவது. சிப்பாய்களிடம் அதைப் பேச்சை வைத்துச் செய்தார்கள், பேயிடம் பேச்சைக் குறைத்துச் செய்தார்கள். இந்தக் கணக்கு தப்புகிற இடங்களில் கேமும் சப்பென்று ஆகிவிடுகிறது.

பின்னணி

தயாரித்தது மோனோலித் புரொடக்‌ஷன்ஸ். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிர்க்லாண்டில் இருந்த ஸ்டுடியோ, 1994-ல் தொடங்கியது. 1997-ல் ‘பிளட்’ என்ற ரத்தக்களறி ஷூட்டர் (துப்பாக்கியால் சுட்டு ஆடும் கேம்), 2000-ல் ‘நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்’ என்ற உளவாளி நகைச்சுவை ஷூட்டர் என்று ஏற்கெனவே பெயர் வாங்கியவர்கள். ‘ஃபியர்’ என்பது ‘ஃபர்ஸ்ட் என்கவுன்டர் அசால்ட் ரீகான்’ என்பதன் முதலெழுத்துச் சுருக்கம். அமானுஷ்யச் சம்பவங்களைக் கையாளும் அமெரிக்க ராணுவப் பிரிவு என்பது கதை. வெளியிட்டது விவெண்டி யுனிவர்சல். ஆக்கப் பொறுப்பு கிரெய்க் ஹப்பார்டுடையது. ஜப்பானியப் பேய்ப்படங்களின் பாதிப்பையும் ஹாங்காங் துப்பாக்கிச் சண்டைப் படங்களின் பாதிப்பையும் மோனோலித்காரர்கள் மறைக்கவே இல்லை. முகத்தை மறைக்கும் நீளமான கருங்கூந்தலோடு ஒரு பெண் குழந்தையைப் பார்த்த உடனே முதலாவது தெரிந்துவிடும். காற்றில் மிதக்கும் காகிதம், சிதறும் கண்ணாடி, சுவரிலிருந்து கிளம்பும் சுண்ணாம்புப் புழுதி என்று ஒவ்வொரு சண்டையும் முடியும்போது இரண்டாவதும் புரிந்துவிடும்.

கதை சிக்கலில்லாதது. ஆர்மகாம் என்ற ஆயுதத் தொழில்நுட்ப நிறுவனம், ரெப்ளிக்கா என்ற நகல் சிப்பாய்களை உருவாக்கி வைத்திருக்கிறது. அவர்களை மனதால் இயக்கும் தளபதியாக வளர்க்கப்பட்ட பேக்ஸ்டன் ஃபெட்டல் ஒருநாள் தறிகெட்டுப்போய், படையை எழுப்பிக்கொண்டு கிளம்புகிறான். நர மாமிசம் தின்கிறான். அவனைப் பிடிக்கப் போகும் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஆள்தான் நீங்கள். பெயர் கிடையாது, ‘பாயின்ட் மேன்’ என்று மட்டும் கூப்பிடுவார்கள். நீங்கள் வாயே திறப்பதில்லை. ஃபெட்டலைக் கொன்றால் படை மொத்தமும் நின்றுபோகும் என்பது திட்டம். போகிற வழியெல்லாம் ஆல்மா என்ற அந்தச் சிறுமி வருகிறாள்.

இதற்கு மேல் கதை வேண்டுமென்றால், காலியான அலுவலகங்களில் மேஜை மேல் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் டெலிபோன்களைத் தேடிப் போய்க் குரல் பதிவுகளைக் கேட்க வேண்டும். அவசரமாக ஓடுபவர்களுக்குப் பாதிக் கதை காதில் விழாது. எழுதியவர்களுக்கு அது பரவாயில்லை போலிருக்கிறது.

சிப்பாயின் தலைக்குள்

இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்த கேமின் செயற்கை அறிவை எழுதியவர் ஜெஃப் ஆர்கின். 2006-ல் நடந்த கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில், எப்படிச் செய்தோம் என்பதை ஒரு கட்டுரையாகவே அவர் போட்டு உடைத்துவிட்டார். ‘மூன்று நிலைகளும் ஒரு திட்டமும்’ என்பது தலைப்பின் பொருள். கேம் நிரல் எழுதுகிறவர்கள் இன்றும் தேடிப் படிக்கிற கட்டுரை அது.

அதுவரை ஷூட்டர்களில் எதிரிகளுக்கு மூளை கொடுத்தது பெரும்பாலும் நிலைமாற்றப் படங்கள்தான். ‘காவல் நில்’, ‘துரத்து’, ‘சுடு’, ‘ஒளிந்துகொள்’ என்று பெட்டி பெட்டியாக நிலைகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக அம்புக்குறிகள். பத்துப் பெட்டி வரை சமாளிக்கலாம். அப்புறம் ஒவ்வொரு புதுப் பழக்கத்துக்கும் பழைய அம்புகளையெல்லாம் திருத்த வேண்டும். மோனோலித்தின் முந்தைய உளவாளி கேமின் இரண்டாம் பாகத்தில் இந்த அவஸ்தையை அனுபவித்ததாக ஆர்கின் எழுதுகிறார். இருட்டறைக்குள் நுழையும் பாத்திரங்கள் விளக்கைப் போட வேண்டும் என்று வேலை முடியப்போகிற சமயத்தில் ஒரு கோரிக்கை வந்தது. கேட்க எவ்வளவு சின்ன விஷயம்! ஆனால் ஏற்கெனவே எழுதியிருந்த ஒவ்வொரு நோக்கத்துக்குள்ளும் அதைத் திணிக்க வேண்டியிருந்தது.

‘ஃபியர்’-இல் நிலைகள் மூன்றுதான். ஓரிடத்துக்குப் போவது, ஓர் அசைவை நடித்துக் காட்டுவது, சுற்றியிருக்கும் பொருளைப் பயன்படுத்துவது. மூன்றாவதுகூட இரண்டாவதின் இன்னொரு வடிவம்தான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பார்க்கப்போனால் எந்த கேமிலும் எதிரிகள் செய்வது நகர்வதும் அசைவதும் மட்டும்தானே! எப்போது, எங்கே, எந்த வரிசையில் என்பதில்தான் அறிவு தெரிகிறது. அந்த வரிசையை எழுதி வைக்காமல், சிப்பாயே அந்தந்த நேரத்தில் கண்டுபிடிக்கும்படி விட்டார்கள்.

அதற்கு அவர் எடுத்துக்கொண்டது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் 1970 வாக்கில் உருவான ‘ஸ்ட்ரிப்ஸ்’ என்ற திட்டமிடும் முறை. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு முன்நிபந்தனை, ஒரு விளைவு. அதோடு ஆர்கின் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு விலையையும் சேர்த்தார். ‘எதிரியைக் கொல்’ என்பது நோக்கம் என்று வையுங்கள். சுட வேண்டும், சுடுவதற்குத் துப்பாக்கியில் குண்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதலில் நிரப்ப வேண்டும். இப்படிப் பின்னாலிருந்து கோத்து, மொத்த விலை குறைவாக வரும் சங்கிலியைச் சிப்பாய் தேர்ந்தெடுக்கிறான். அதைத் தேடுவதற்குப் பயன்படுவது, கேம்களில் வழி கண்டுபிடிக்க எல்லோரும் பயன்படுத்தும் ஏ-ஸ்டார் முறையேதான். ஒரே தேடல், ஒரு பக்கம் தரையில் வழி தேடுகிறது, இன்னொரு பக்கம் செயல்களுக்கு நடுவே வழி தேடுகிறது.

இதன் பலன் எப்படித் தெரியும் என்பதற்குக் கட்டுரையில் வரும் கதவு உதாரணமே போதும். ஒரு சிப்பாய் உங்களை அடிக்க வருகிறான். நடுவில் ஒரு கதவு. நீங்கள் இந்தப் பக்கம் உடம்பை அண்டக் கொடுத்து நிற்கிறீர்கள். அவன் திறந்து பார்க்கிறான், நகரவில்லை. திட்டம் தோற்றது, உடனே வேறு திட்டம். காலால் உதைக்கிறான். அதற்கும் அசையவில்லை. மறுபடியும் புதுத் திட்டம். பக்கத்து ஜன்னலை உடைத்துக்கொண்டு பாய்ந்து உள்ளே வருகிறான், அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டதால் சுடாமல் நேரடியாக அடிக்கிறான். ‘கதவு அடைத்தால் ஜன்னலுக்குப் போ’ என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கதவைத் திறப்பது, உதைப்பது, ஜன்னலில் பாய்வது என்று தனித்தனிச் செயல்கள் பட்டியலில் இருந்தன. மற்றதை அவனே கோத்துக்கொண்டான்.

அதே கட்டுரையில் ஓர் எலியும் வருகிறது. சிப்பாய், சுவரில் தொற்றி மறைந்து தாக்கும் கொலையாளி, எலி மூவருக்கும் ஒரே நோக்கங்களைக் கொடுக்கிறார்: ரோந்து போ, எதிரியைக் கொல். சிப்பாய் சுடுகிறான், கொலையாளி மறைந்து பாய்கிறான். எலியின் பட்டியலில் தாக்கும் செயல் எதுவும் இல்லை, பாவம், அது ரோந்து மட்டும் போகிறது. கொல்ல ஆசை இருந்து வழியில்லாத எலி! தொழில்நுட்பக் கட்டுரையில் இப்படி ஒரு வேடிக்கை கிடைப்பது அபூர்வம்.

பின்பக்கமாக வந்தது யார்?

இதுவரை சொன்னது தனிச் சிப்பாயின் அறிவு. ஆனால் ஆடியவர்கள் வியந்து சொல்வது கூட்டு அறிவைப் பற்றி. “ஒருத்தன் என்னைச் சுட்டு மறைவிலேயே உட்கார வைத்தான், இன்னொருத்தன் சுற்றி வந்துவிட்டான்” என்பார்கள். இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. சுற்றி வளைப்பது என்ற பழக்கத்தை மோனோலித்காரர்கள் எழுதவே இல்லை.

குழுவுக்கென்று இருந்த எளிய பழக்கங்கள் நான்கு. மறைவில் இல்லாதவர்கள் மறைவுக்குப் போவது, அப்போது ஒருவன் சுட்டுக்கொண்டே இருப்பது. மறைவு மறைவாக முன்னேறுவது. வரிசையாக நகர்வது. இரண்டிரண்டு பேராகப் பிரிந்து தேடுவது. இவ்வளவுதான். அப்படியானால் பின்பக்கமாக வந்தவன்? அவன் ஒளிந்திருந்த இடம் உங்கள் பார்வைக்குள் வந்துவிட்டது. அந்த மறைவு இனி செல்லாது. அருகிலிருந்த அடுத்த மறைவுக்கு ஓடினான். அது உங்கள் பக்கவாட்டில் இருந்தது, அவ்வளவே. கேமின் இடங்களை அமைத்தவர்கள் ஒவ்வோர் அறைக்கும் இரண்டு மூன்று வாசல்களும், நிறைய மேஜைகளும் தடுப்புகளும் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் எந்த ஓட்டமும் கடைசியில் சுற்றி வளைப்பதாகவே முடியும்.

அதைத் தற்செயல் என்று நாம் நினைக்காமல் பார்த்துக்கொண்டது பேச்சு. ஒரு சிப்பாய்க்கு அடிபட்டால் அவன் சும்மா அலறுவதில்லை. இன்னொருவன் அவனிடம் நிலைமை என்ன என்று கேட்பான், இவன் அடிபட்டுவிட்டது என்று பதில் சொல்வான். உங்களைக் காணவில்லையென்றால், எங்கே அவன் என்று ஒரு குரல், தெரியவில்லை என்று இன்னொரு குரல். முடிந்தவரை ஒருவரே கத்தாமல் இருவர் பேசுவதாக அமைக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. ஓட இடமில்லாமல் ஒருவன் ஒரே இடத்தில் நின்று செத்தால், பார்ப்பவருக்கு அவன் மக்காகத் தெரிவான். ‘போக வழியில்லை’ என்று அவனே சொல்லிவிட்டால் மாட்டிக்கொண்ட மனிதனாகத் தெரிவான். நிரலில் மாற்றம் ஏதும் இல்லை, கேட்பவர் மனதில்தான் எல்லாம் மாறுகிறது.

உச்சம் இதுதான்: கூட்டாளிகளெல்லாம் செத்து ஒருவன் மட்டும் மிஞ்சினால், துணைப்படை வேண்டும் என்று வானொலியில் கேட்பான். அப்படி யாரையும் கேம் அனுப்புவதில்லை. ஆனால் நீங்கள் அடுத்த கூடத்துக்குப் போனால் அங்கே எப்படியும் நான்கு பேர் இருக்கத்தான் போகிறார்கள். ‘அவன் கூப்பிட்டு வந்தவர்கள்’ என்று நீங்களே முடிச்சுப் போட்டுக்கொள்வீர்கள்.

கதைப்படி பார்த்தால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ரெப்ளிக்கா படை மனதால் இயக்கப்படும் படை. ஃபெட்டல் எங்கோ இருந்து நினைக்கிறான், இவர்கள் நகர்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் எதற்காக வாயால் கத்திக் கத்திப் பேச வேண்டும்? பதில் கிடையாது. அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவே இல்லை, நம்மிடம்தான் பேசுகிறார்கள். முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, குரல் அதற்குப் பிறகு ஒலிக்கும் அறிவிப்பு மட்டுமே. இந்த ஓட்டையைத் தெரிந்தே விட்டார்களா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. ஊமைப் படையாக வைத்திருந்தால் தர்க்கம் சரியாக இருந்திருக்கும், கேம் செத்திருக்கும்.

கையில் இவ்வளவு பலம் உள்ளவனைப் பயமுறுத்துவது

இந்தப் பக்கம் ஆடுபவருக்குக் கொடுத்த பலமும் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் காலம் மெதுவாகும். குரல்கள் தடித்துக் கனக்கும், தோட்டா போகும் பாதையில் காற்று நெளிவது கண்ணுக்குத் தெரியும். ஆணி போன்ற குண்டுகளால் ஆளைச் சுவரோடு அறைந்துவிடும் ‘பெனிட்ரேட்டர்’ இருக்கிறது. இரும்புக் கவசம் போட்டு வருகிறவனைத் தவிர யாரையும் ஷாட்கன் ஒன்றே சமாளிக்கும். பத்து மருந்துப்பெட்டி வரை சேர்த்து வைத்துக்கொள்ளலாம். போதாததற்கு, நினைத்த இடத்தில் சேமித்துக்கொள்ளும் வசதி வேறு. இப்படிப்பட்ட ஆளுக்குப் பேய் பயம் காட்டுவது எப்படி?

மோனோலித் கண்டுபிடித்த வழி, இரண்டையும் கலக்காமல் வைப்பது. சண்டை நடக்கும்போது ஆல்மா வருவது குறைவு. அவள் வரும்போது சிப்பாய்கள் இருப்பதில்லை. சண்டை முடிந்து, கடைசிக் குரலும் அடங்கி, ஆளில்லாத நீளமான தாழ்வாரம் ஒன்றில் நீங்கள் நடக்கிறீர்கள். இவ்வளவு நேரம் பேசிக்கொண்டே இருந்த கேம் வாயை மூடிக்கொண்டுவிட்டது. வானொலியில் இரைச்சல் தட்டுகிறது. நம்மூர்ப் பேய்க்கதைகளில் சலங்கைச் சத்தம் வந்து அறிவித்துவிட்டுப் போகும், இங்கே சத்தம் நின்றுபோவதுதான் அறிவிப்பு.

ஏணிக் காட்சியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பெரும்பாலான ஷூட்டர்களில் ஏணி ஒரு தொல்லை, எல்லோரும் முன்னால் பார்த்தபடியே இறங்குவார்கள். ‘ஃபியர்’-இல் ஏணியைப் பிடித்ததும் பாத்திரம் துப்பாக்கியை ஒதுக்கி வைத்துவிட்டு, நிஜ மனிதன் இறங்குவதுபோலத் திரும்பி, ஏணியைப் பார்த்தபடி இறங்குகிறது. அதாவது நீங்கள் இப்போதுதான் கடந்து வந்த காலி இடத்தை நோக்கி உங்கள் முகத்தை கேம் திருப்புகிறது. அதுவரை சில ஏணிகளில் ஏறி இறங்கிப் பழகியிருப்பீர்கள், கை தானாகச் செய்யும். ஒரு தடவை மட்டும், திரும்பிய இடத்தில் ஆல்மா நிற்கிறாள். அவள் ஒன்றும் செய்வதில்லை. உங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் கையில் ஆயுதமில்லை, பிடித்திருப்பது ஏணியை. கீழே இறங்கித் திரும்பினால் ஃபெட்டல் நிற்கிறான், நின்ற நிலையிலேயே சாம்பலாகக் கரைகிறான். முழுக் காட்சியும் சில விநாடிகள். உயிர் அளவு ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

ஆல்மாவின் பலத்தையும் நேராகக் காட்டாமல் பின்விளைவாகத்தான் பெரும்பாலும் காட்டுகிறார்கள். உங்களோடு வந்த டெல்டா படையினர் ஓர் அறையில் இருந்ததாக வானொலி சொல்லும். போய்ப் பார்த்தால் ரத்தக் குளமும் எலும்புக்கூடுகளும்தான். நடுவில் என்ன ஆனது என்பதை நீங்கள்தான் கற்பனை செய்துகொள்ள வேண்டும். சிப்பாய் சொன்ன துணைப்படையை நீங்களே முடிச்சுப் போட்டுக்கொண்ட அதே மனதின் வேலை.

எங்கே தப்புகிறது

சில மணி நேரம் ஆடியதும் கெட்டிக்கார ஆட்டக்காரருக்கு ஒரு விஷயம் புரிந்துவிடும்: பேய் வரும்போது சாவு வராது. சத்தம் அடங்கினால் கொஞ்ச நேரம் பத்திரம் என்று அர்த்தம். பிரித்து வைத்ததால் கிடைத்த பலனையே இது தின்றுவிடுகிறது. நடுப்பகுதிக்கு மேல் ஆல்மாவின் தரிசனங்கள் எனக்கு அலங்காரமாகத்தான் தெரிந்தன.

மொத்தம் 11 ‘இன்டர்வல்’கள், அதாவது அத்தியாயங்கள். கடைசிகளில் இதைச் சரிசெய்ய நினைத்தோ என்னவோ, புகை உருவப் பேய்கள் கூட்டமாகப் பாய்ந்து வருகின்றன. தொட்டால் அடிபடும், சுட்டால் கலைந்துவிடும். சுட்டு விரட்டக்கூடிய பேய், பேயே இல்லை. அது இன்னொரு எதிரி, அதுவும் பேசாத, ஒளியாத, மக்கு எதிரி. அதிக நேரம் நீடிக்காததால் மன்னித்துவிடலாம்.

இடங்களைப் பற்றியும் ஒரு முறைப்பாடு உண்டு. துறைமுகக் கிடங்கு, நீர் சுத்திகரிப்பு நிலையம், அலுவலகம், இன்னும் கொஞ்சம் அலுவலகம். அறைகள் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால் சிப்பாய்களின் அறிவு பளிச்சென்று தெரிவது அலுவலகத் தடுப்புகளுக்கு நடுவேதான் என்பதையும் சொல்ல வேண்டும். கிடங்குகளின் ஒற்றைப் பாதைகளில் அதே சிப்பாய்கள் வரிசையாக வந்து சாகிறார்கள்.

பிறகு நடந்தவை

விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் கணினிப் பதிப்புக்கு நூற்றுக்கு 88. 2006 ஆகஸ்டில் பல பேர் சேர்ந்து ஆடும் பகுதியைத் தனியாகப் பிரித்து ‘ஃபியர் காம்பாட்’ என்று இலவசமாகவே கொடுத்தார்கள். இதற்கிடையே ஒரு சொத்துத் தகராறு. மோனோலித்தை 2004-லேயே வார்னர் பிரதர்ஸ் வாங்கியிருந்தது. ‘ஃபியர்’ என்ற பெயர் விவெண்டியிடமும், ஆல்மா முதலான பாத்திரங்கள் வார்னரிடமும் இருந்தன. அதனால் விவெண்டி தரப்பில் டைம்கேட் ஸ்டுடியோஸ் செய்த ‘எக்ஸ்ட்ராக்‌ஷன் பாயின்ட்’ (2006), ‘பெர்சியஸ் மேண்டேட்’ (2007) என்ற இரண்டு கூடுதல் பாகங்கள் ஒரு கதையைத் தொடர, மோனோலித் வேறொரு கதையைத் தொடர்ந்தது. மோனோலித்தின் தொடர்ச்சிக்கு முதலில் ‘புராஜெக்ட் ஆரிஜின்’ என்று மட்டும் பெயர். 2008-ல் பழைய பெயர் கைக்கு வந்ததும் ‘ஃபியர் 2: புராஜெக்ட் ஆரிஜின்’ ஆகி 2009 பிப்ரவரியில் வெளிவந்தது. நன்றாகவே ஓடும் ஷூட்டர், ஆனால் முதல் பாகத்துச் சண்டையின் நெருக்கம் அதில் இல்லை. 2011-ல் வந்த மூன்றாம் பாகத்தை டே 1 ஸ்டுடியோஸ் செய்தது. அதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை.

திட்டமிடும் முறை மட்டும் நன்றாகப் பரவியது. ‘ஸ்டாக்கர்’, 2013-ல் வந்த ‘டூம் ரைடர்’ என்று பல கேம்கள் அதையோ அதன் சாயலையோ எடுத்துக்கொண்டன. ஆனாலும் அவற்றை ஆடிவிட்டு ‘ஃபியர்’ சிப்பாய்கள் மாதிரி இல்லையே என்றுதான் ஆட்கள் சொல்கிறார்கள். எடுத்தவர்கள் முறையை எடுத்தார்கள், பேச்சையும் அறைகளின் அமைப்பையும் அந்த அளவுக்கு எடுக்கவில்லை என்பது என் கணிப்பு. பேச்சின் அருமையை மறக்காதவர்கள் மோனோலித்காரர்களே. 2014-ல் அவர்கள் செய்த ‘ஷேடோ ஆஃப் மோர்டோர்’ கேமில் ஓர்க் என்ற அரக்கர் படையின் ஒவ்வொரு தலைவனும் சண்டைக்கு முன்னால் முகத்துக்கு நேராக வந்து, போன தடவை நடந்ததைச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் வாளை ஓங்குவான். 2025 பிப்ரவரியில் வார்னர் அந்த ஸ்டுடியோவை மூடிவிட்டது.

கேம் இன்றும் கிடைக்கிறது. ஜிஓஜி தளத்தில் இரண்டு கூடுதல் பாகங்களோடு சேர்த்தே விற்கிறார்கள். வந்த காலத்தில் பென்டியம் 4-ம் 512 எம்பி ரேமும் குறைந்தபட்சத் தேவையாக இருந்த கேம், இப்போதைய சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். புதிய விண்டோஸில் சில மவுஸ், கீபோர்டுகளைச் செருகியிருந்தால் வேகம் போகப்போகப் படுத்துவிடும் சிக்கல் உண்டு. அதற்கு ரசிகர்கள் செய்த திருத்தக் கோப்பு இருக்கிறது, அதை முதலிலேயே போட்டுவிடுங்கள். எளிய நிலையில் ஆடாதீர்கள், சிப்பாய்கள் வாயைத் திறப்பதற்குள் செத்துவிடுவார்கள். ஹெட்போன் கட்டாயம். கூடுதல் பாகங்களில் ‘எக்ஸ்ட்ராக்‌ஷன் பாயின்ட்’ ஆடலாம், மற்றதைத் தாராளமாக விட்டுவிடலாம்.